வெற்று ஈஸ்ட்

ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் குடுவைகள் இரண்டு இருந்தன. ஜெனரேட்டரால் குலுக்க முடிந்தது ஒன்றைத்தான். எதைக் குலுக்குவது என்று முடிவெடுக்கக் கோவிந்தம்மாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னாளில் அந்த அரை நிமிடத்தை அவள் எத்தனையோ முறை எடுத்துவைத்துப் பார்த்தாள். அதில் பிழை ஒன்றும் தென்படவில்லை. பிழை அதற்குப் பிறகு, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் நேர்ந்தது.

அது இரண்டாயிரமாவது ஆண்டு, ஜூலை மாதம். மே மாதத்தில் பிஜியின் தலைநகர் சுவாவில் துப்பாக்கி ஏந்தியவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரின் அரசைக் கவிழ்த்திருந்தார்கள். ஜூலையில் அவர்கள் பக்கத்து ஆட்கள் மலைமேல் இருந்த அணையையும் பிடித்துக்கொண்டார்கள். தீவின் மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததால், பா நகரத்துக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மனிதர்கள் விளக்கேற்றிக்கொண்டு சமாளித்தார்கள். ஈஸ்ட்டால் அப்படிச் சமாளிக்க முடியாது. அதற்கு ஓயாமல் காற்று வேண்டும். காற்று கிடைக்கக் குடுவை சுழன்று குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஈஸ்ட் அடியில் படிந்து, புளித்து, தன்னைத் தானே தின்னத் தொடங்கிவிடும்.

கோவிந்தம்மாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ரராவாய் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் இருந்த அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு, வரதோலியில் இருந்த தன் வீட்டிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகளாக நடந்தே வந்துபோனவள். அவள் எழுதும் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. பிறர் எழுதியதில் இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்து முதலிலிருந்து எழுதச் சொல்வாள். ஆய்வுக்கூடத்தின் தலைவரான டாக்டர் மகேந்திரா, எண்பத்தேழாம் ஆண்டுக் கலகத்தின்போது போகாமல் இருந்தவர், இந்த முறை ஜூன் முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டுவிட்டார். சாவிக்கொத்தையும் கையெழுத்திடும் அதிகாரத்தையும் கோவிந்தம்மாவிடம் ஒப்படைத்தார். மிஞ்சியவர்கள் அவளும், நாற்பது வயதைக் கடந்த உதவியாளன் ஷைலேந்திராவும் மட்டுமே. அவனும் கனடாவுக்கு மனுப் போட்டிருந்தான்.

அங்கே நடந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடுகளின் வெள்ளையணுக்களில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து, பிறகு ரத்தப் புற்றாக வெளிப்படும் வைரஸ் ஒன்று உண்டு. ஒரு மாடு அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறதா என்று அறிய, வைரஸின் மேலுறைப் புரதம் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். அந்தப் புரதத்துக்காக வைரஸை வளர்ப்பது ஆபத்து, செலவும் மிகுதி. ஆகவே புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட்டுக்குள் வைத்துவிடுவார்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். சாதாரணச் சர்க்கரை கொடுத்தால் அது தன் பாட்டுக்குப் பெருகும். பாலில் உள்ள காலக்டோஸ் சர்க்கரைக்கு மாற்றிவிட்டால், வேறு வழியின்றி வைரஸின் புரதத்தைச் செய்யத் தொடங்கும். அந்த ஈஸ்ட்டைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்து ஆட்டி உடைத்து, சாற்றைப் பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் பூசி, மாட்டின் ரத்தநீரை மேலே விடுவார்கள். நோய் தொட்ட மாடு என்றால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீராகவே இருக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. உடைத்த சாற்றில் வைரஸின் புரதம் ஒரு பங்கு என்றால் ஈஸ்ட்டின் சொந்தப் புரதங்கள் நூறு பங்கு. அவற்றை வடிகட்டும் பிசின்மணிகள் சிட்னியிலிருந்து வர வேண்டும். கலகத்தைக் கண்டித்து அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் பிஜிக்குச் சரக்கு ஏற்ற மறுத்துவிட்டதால் ஜூன் மாதத்திலேயே மணிகள் தீர்ந்துபோயின. அந்த நிலையில் நம்பிக்கைக்கு உரியது ஒன்றுதான்: வைரஸின் மரபணு இல்லாத அதே ஈஸ்ட். அதற்கு வெற்று ஈஸ்ட் என்று பெயர். தட்டில் ஒரு வரிசை வைரஸ் ஈஸ்ட், அடுத்த வரிசை வெற்று ஈஸ்ட். முதல் வரிசை மட்டும் மஞ்சளானால் நோய். இரண்டும் மஞ்சளானால், அந்த மாட்டின் ரத்தம் பகைத்துக்கொண்டது ஈஸ்ட்டையே, வைரஸை அன்று.

ஜெனரேட்டர் ஒரு குலுக்கியைத்தான் தாங்கும் என்றபோது, கோவிந்தம்மா வைரஸ் ஈஸ்ட்டை அதில் ஏற்றினாள். வெற்று ஈஸ்ட் நின்றது. மறுநாள் காலையில் அது அடியில் பழுப்புக் கூழாகப் படிந்து நாறியது. ஷைலேந்திரா அதைக் கொதிக்கவைத்துச் சாக்கடையில் கொட்டினான்.

அந்த வாரம் சோதிக்க வேண்டியிருந்தவை பக்கத்து ஊரான தவுவாவிலிருந்து வந்த இரண்டு மந்தைகளின் ரத்தநீர். ஒன்று மோகினி என்ற விதவையின் பன்னிரண்டு மாடுகள். மற்றது தேவேந்திராவின் பத்தொன்பது மாடுகள். தேவேந்திரா கோவிந்தம்மாவின் உடன்பிறந்த தம்பி.

மாடுகள் இருக்கும்வரைதான் அவன் தவுவாவில் இருப்பான் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து கரும்பு பயிரிட்ட நிலத்தின் குத்தகை முந்தைய ஆண்டு முடிந்து, நிலம் பூர்வகுடி உரிமையாளர்களிடம் திரும்பிப் போய்விட்டது. மிஞ்சியது வீட்டைச் சுற்றியிருந்த ஐந்து ஏக்கரும் அந்த மந்தையும். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்த மகன் ஷிவ்நேஷ் படிவத்துக்குமேல் படிவமாக அனுப்பிக்கொண்டிருந்தான். அவற்றையெல்லாம் நிரப்பாமல் அரிசிப் பெட்டியின்மேல் அடுக்கிவைத்துவிட்டு, மாட்டை யாருக்கு விட்டுவிட்டு வருவது என்று கேட்பான் தேவேந்திரா. இந்துக் குடியானவன்; கறவை வற்றிய கிழட்டு மாட்டைக்கூடக் கசாப்புக்குக் கொடுக்காதவன். அவன் கேட்டது சாக்கு அன்று என்பதை அவன் மனைவி ரஞ்சீதா அறிவாள். ஆகவே அவளும் தன் பங்குக் கையெழுத்தைப் போடாமல் வைத்திருந்தாள்.

மந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோய் கண்டால் மந்தை முழுவதையும் அழிப்பது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அந்த நாட்களில் மாடுகள் களவு போய் மலைதாண்டிக் கொண்டுபோகப்பட்டன. நோயும் அவற்றோடு பரவும் என்ற அச்சம். முடிவுகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்ன அதிகாரி தொலைபேசியில், தவுவா மந்தை உங்கள் தம்பியுடையது அல்லவா என்றும் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை, குரலில் ஏளனமும் இல்லை. ஆனால் அவரவர் அவரவர் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு பஸ்ஸிலும் கடையிலும் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்வி கோவிந்தம்மாவின் செவியில் தங்கிவிட்டது.

வியாழக்கிழமை தட்டைப் போட்டார்கள். தேவேந்திராவின் பத்தொன்பதில் பதினான்கு மஞ்சள். மோகினியின் பன்னிரண்டில் எட்டு. நோயற்றவை என்று உறுதியாகத் தெரிந்த அரசுப் பண்ணை மாடுகளின் ரத்தநீர் நான்கு குழிகளிலும் தெளிந்த தண்ணீராக நின்றது. வெற்று ஈஸ்ட் வரிசை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஷைலேந்திரா அந்தக் காலி வரிசையை விரலால் தொட்டுக் காட்டினான். இதை நிறுத்திவைத்து, பத்து நாள் அவகாசம் கேட்கலாம், கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று ஹிந்தியில் சொன்னான். போன வருஷம் வத்துகௌலா மந்தைக்கு நிறுத்திவைத்தோமே என்றும் நினைவூட்டினான்.

உண்மைதான். முந்தைய ஆண்டு வத்துகௌலாப் பக்கத்து மந்தை ஒன்றுக்கு வெற்று ஈஸ்ட் வரிசை கெட்டுப்போனபோது, அவள் கையெழுத்திட மறுத்து ஒன்பது நாள் காக்கவைத்திருந்தாள். விதிப்புத்தகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது: நோயற்ற ரத்தநீர் தெளிவாக இருந்தால் தலைவர் தம் பொறுப்பில் முடிவை ஏற்கலாம், ஐயம் இருந்தால் நிறுத்திவைக்கலாம். ஐயம் அவளுக்கு இருந்தது. ஆனால் இம்முறை நிறுத்திவைத்தால் அது தம்பிக்காக நிறுத்திவைத்ததாகும். பத்து நாளில் மாடுகள் காணாமற்போனால், அக்காள் தகவல் சொல்லி ஓட்டிவிட்டாள் என்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவள் கையெழுத்தை ஒருவர்கூட ஐயப்பட்டதில்லை.

“எல்லாருக்கும் ஒரே அளவுதான்,” என்றாள். பேனாவை எடுத்து இரண்டு முடிவுகளிலும் கையெழுத்திட்டாள். எழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

சனிக்கிழமை தேவேந்திரா தொலைபேசியில் கூப்பிட்டான். குடும்பத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர்தாம் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஹிந்திக்கு மாறி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

“அக்கா, பேப்பர் வந்திச்சு. பதினாலுன்னு போட்டிருக்குது.”

“ஆமாம், தம்பி.”

“ஒண்ணுகூட இளைக்கலே. பாலும் குறையலே. இன்னொரு தடவ பாக்க முடியாதா?”

வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் நோய் இது என்று அவள் விளக்கினாள். ஒருவருக்கு இரண்டாம் முறை பார்த்தால் எல்லாருக்கும் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னாள்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றான்.

மறு செவ்வாய்க்கிழமை துறையின் ஆட்கள் மூவர் துப்பாக்கியோடும் சுண்ணாம்பு மூட்டைகளோடும் தவுவாவுக்கு வந்தார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோவிந்தம்மாவும் போனாள். அது அவள் வேலையன்று. ஆனாலும் கையெழுத்திட்டவள் கண்ணால் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒழுங்காகாது என்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளம் தோண்டும் இயந்திரம் கொட்டிலுக்குப் பின்னால் வேலையை முடித்திருந்தது. தேவேந்திரா ஒவ்வொரு மாட்டின் நெற்றியிலும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தான். பிறகு, கடைசியாக ஒரு வாய் குடிக்கட்டும் என்று துறை ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, கொட்டிலின் ஓரத்தில் வெயிலில் நின்ற பெரிய டிரம்மைத் திறந்தான். ரராவாய் ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு, மொலாசஸ் என்பார்கள். தண்ணீர் கலந்து வைத்திருந்ததைத் தொட்டியில் ஊற்றினான். அவ்வாண்டு வெட்டு தாமதமாகிக் கரும்புத் தோகையும் கிடைக்காமல், மேற்குப் பக்கத்துப் புல்லும் காய்ந்துபோனதால், ஏப்ரல் முதல் இவன் மாடுகளுக்கும் மோகினியின் மாடுகளுக்கும் பாதி வயிறு அதுதான். மாடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தன. நுரை மூக்கில் ஒட்ட ஒட்டக் குடித்தன.

நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது முறைக்கு மேல் வெடித்தது. ஒன்றிரண்டு மாடுகளுக்கு இரண்டாம் முறை சுட வேண்டியிருந்தது. இயந்திரத்தை ஓட்டிய தவுவாக் கிராமத்து ஆள், கலகக்காரர்களின் இனத்தைச் சேர்ந்தவன்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இசா, இசா” என்று தன் மொழியில் இரக்கப்பட்டுக்கொண்டே மண்ணைத் தள்ளினான். ரஞ்சீதா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. தேவேந்திரா கடைசிவரை நின்றான். அக்காளிடம் வந்து, மோகினி வீட்டுக்கு எப்போது என்று மட்டும் கேட்டான். தோட்டா தீர்ந்துவிட்டதாம், அடுத்த மாதம் என்கிறார்கள் என்று அவள் பதில் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த வாடை அவளுக்குத் தட்டுப்பட்டது. தொட்டியருகே நின்றபோது சேலை ஓரத்தில் மொலாசஸ் தெறித்திருந்தது. வெயிலில் காய்ந்த அந்தக் கறையை முகர்ந்தாள். சர்க்கரை மணம் இல்லை. புளித்த மாவின் மணம், நாள் முழுவதும் அவள் பின்னறையில் மூச்சிழுக்கும் மணம். மாதக்கணக்காக வெயிலில் நின்ற டிரம்மில் நுரைத்துக்கொண்டிருந்தது என்ன என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் பா நகரத்தில் எவரும் இல்லை. அரசுப் பண்ணை மாடுகளோ புல்லைத் தவிர வேறொன்றும் தின்றதில்லை.

யக்கரா நிறுத்தத்தில் வண்டி நின்றபோது கையிலிருந்த பை நழுவி விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எடுத்துக் கொடுத்தாள்.

அணையை விட்டு ஆயுதக்காரர்கள் இறங்கி, மின்சாரம் சீராகத் திரும்ப ஜூலை மாதம் முடிந்துவிட்டது. திரும்பிய அன்றே கோவிந்தம்மா உறைபெட்டியிலிருந்து வெற்று ஈஸ்ட்டை எடுத்து வளர்க்கத் தொடங்கினாள். மூன்று நாள் ஆயிற்று. தம்பியின் மாடுகளுடைய ரத்தநீர் மிச்சம் சிறு குழாய்களில் இருந்தது, மாடுகள்தாம் இல்லை. இம்முறை இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்துப் பூசினாள். ஷைலேந்திராவைத் தொடவிடவில்லை.

வெற்று ஈஸ்ட் வரிசையும் மஞ்சளாயிற்று. பதினான்கு குழிகளும், பக்கத்துக் குழிக்குச் சரியாக ஈடு கொடுத்து.

அதோடு நிற்கவில்லை அவள். உடைத்த வெற்று ஈஸ்ட்டில் ஒவ்வொரு ரத்தநீரையும் ஒரு பகல் முழுவதும் ஊறவைத்து, ஈஸ்ட்டை எதிர்ப்பவை எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டபின், தெளிந்த நீரை வைரஸ் ஈஸ்ட்டின்மேல் விட்டாள். பத்தொன்பது குழிகளில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. மோகினியின் பன்னிரண்டும் அவ்வாறே. அந்த முப்பத்தொரு மாடுகளில் ஒன்றுக்கும் நோய் இருந்ததில்லை. டிரம்மில் புளித்ததை மாதக்கணக்கில் குடித்துக் குடித்து, அவற்றின் ரத்தம் ஈஸ்ட்டை அடையாளம் காணக் கற்றிருந்தது, அவ்வளவுதான்.

தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நேரம் நீண்டதால், ஷைலேந்திரா அருகே வந்தான். பார்த்தான். புரிந்துகொண்டான். நல்ல மனிதன், அவளுக்கு ஒரு வழி சொன்னான். மோகினியின் மாடுகளுக்கு வரும் புதன்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். ‘மறுசோதனையில் நோய் இல்லை’ என்று அந்த ஒரு மந்தைக்கு மட்டும் எழுதிவிடலாம். மின்சாரம் சரியில்லாத காலம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சுட்டுப் புதைத்த மந்தையின் கோப்பு மூடியாகிவிட்டது. தேவேந்திரா அண்ணனும் இருபதாம் தேதி நியூசிலாந்துக்குப் புறப்படுகிறார். நோய் என்று நினைத்துப் போவது அவருக்கும் நல்லதுதானே.

கோவிந்தம்மா அவனை ஏசவில்லை. அப்படிச் செய்தால் என்ன என்று தானும் ஒரு மணி நேரம் நினைத்திருந்ததால் ஏச வாய் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். வெற்று ஈஸ்ட் வரிசை இல்லாத தட்டின் முடிவைத் தான் ஏற்றதாகவும், நிறுத்திவைக்கும்படி உதவியாளர் கூறியதைத் தான் தள்ளியதாகவும், இரண்டு மந்தைகளும் நோயற்றவை என்றும், அழிக்கப்பட்ட மந்தை தன் தம்பியுடையது என்றும் அதில் இருந்தது. மின்வெட்டைப் பற்றி எழுதிய வரியை, அது உண்மையே ஆனாலும், நீக்கினாள். அதற்காகத் தாள் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. வெள்ளி மாலை அதை மேலிடத்துக்கு அனுப்பினாள். அதிகாரி தொலைபேசியில் வந்து, புதன்கிழமை வேலையை ரத்துச் செய்வதாகவும், விசாரணை முடியும்வரை அவள் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றாள்.

மறுநாள் காலை தவுவா பஸ்ஸில் ஏறினாள். தம்பி இதை வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது.

வீட்டு வாசலில் பலகைப் பெட்டிகள் மூன்று திறந்து கிடந்தன. ரஞ்சீதா சாமிப் படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாத்தியைக் கண்டதும் எழுந்து, “ஆவோ தீதி”, வாருங்கள் அக்கா, என்று வரவேற்று, உட்கார இடம் ஒதுக்கினாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, பகை இல்லை. ஊரில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசியபோது அவள்தான் மறுத்துப் பேசியிருந்தாள். சொந்தத் தம்பி என்றும் பாராமல் நேர்மையாக நடந்தவள் எங்கள் தீதி, உங்களில் யாருக்கு அந்த மனம் வரும் என்று கடைத்தெருவில் நின்று கேட்டாளாம். அதைத் தேவேந்திராவே சிரித்தபடி அக்காளுக்குச் சொன்னான். சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடிக்கு ஆணி எடுத்தான்.

“அதெ வச்சிட்டு உக்காரு, தேவா,” என்றாள் கோவிந்தம்மா.

அவன் உட்கார்ந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. மாடுகளுக்கு நோய் இல்லை, அவன் ‘பிமாரி’ என்று சொல்வது ஒன்றுக்கும் இல்லை என்று முதலில் சொன்னாள். பிறகு, மொலாசஸில் இருந்தது என்ன, குழி மஞ்சளானது ஏன், இல்லாமற்போன வரிசை எது என்பதை, ஈஸ்ட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவனுக்குப் புரியும்படி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மோகினியின் மாடுகளைக் கொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னாள். ரஞ்சீதாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும். ஆனாலும் துணி சுற்றும் கை நின்றுவிட்டது.

தேவேந்திரா கேட்டுக்கொண்டே இருந்தான். தலையைக் கவிழ்க்கவில்லை.

“மொலாசஸ் நான்தானே குடுத்தேன்,” என்றான் கடைசியில்.

“அது தப்பில்லே. அதனாலே மாட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லே. பாத்த ஆளு நானு. தப்பு என்னோடது.”

“கரண்டு இல்லாத நேரம். நீ என்ன பண்ணுவே?”

அவனே அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான். அவள் நுழையவில்லை.

“பத்து நாளு நிறுத்தி வச்சிருக்கலாம். ஷைலேந்திரா சொன்னான். நான்தான் கேக்கலே.”

அவன் ஆணியை விரல்களுக்கிடையில் உருட்டினான். வெளியே கொட்டில் பக்கம் காற்றில் ஒரு தகரம் அடித்துக்கொண்டது. உழைத்துக் காய்த்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் கோவிந்தம்மா. அவன் கேட்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அந்த ஒன்றைமட்டும் கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

“ஒண்ணு கேக்குறேன், அக்கா. மாடு என்னோடது இல்லாம வேற ஆளோடதா இருந்தா, அந்தப் பேப்பர்லே நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?”

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அவன் நம்பவும் செய்திருப்பான்.

“போட்டிருக்க மாட்டேன்,” என்றாள்.

தேவேந்திரா தலையை ஆட்டினான், கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல.

“அப்போ அதுங்களெக் கொன்னது பிமாரியும் இல்லே, ஈஸ்ட்டும் இல்லே,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “உன்னோட நல்ல பேரு.”

அவன் எழுந்து, மனைவியிடம் ஹிந்தியில், அக்காவுக்குச் சாயா போடு, பஸ் மூன்று மணிக்குத்தான் என்று சொன்னான். அவன் என்ன கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்று ரஞ்சீதா கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றான்.

ரஞ்சீதா கடையில் வாங்கிய பால்பவுடர் பொட்டலத்தைக் கத்தரித்தாள். கால் நூற்றாண்டாக அந்த வீட்டில் பவுடர் கரைத்துப் பழக்கமில்லை. சூட்டில் அது சரியாகக் கரையாமல் வெள்ளைக் கட்டிகளாக மிதந்தது. சாயா ஊற்றிய பேலாக் கிண்ணத்தைக் கோவிந்தம்மாவின் முன்னால் வைத்தபோது, கட்டிகளைப் பார்த்துவிட்டு, மன்னித்துக்கொள் தீதி, எனக்கு இது சரியாக வரவில்லை என்றாள்.

கோவிந்தம்மா அதை முழுவதும் குடித்தாள். தேவேந்திரா பெட்டியின் மூடியைப் பொருத்தி, இடப்பக்க மூலையிலிருந்து ஆணி அடிக்கத் தொடங்கினான். அடிக்கு அடி ஒரே இடைவெளி. வலப்பக்க மூலையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலகை தூக்கிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து போய் அந்த மூலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. விலகு என்றும் சொல்லவில்லை. அவள் விரல்களுக்கு அருகில் ஆணியை நிறுத்தி, பார்த்து, அடித்தான்.